தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மூன்று நாள் கல் முகாம்: எங்கிருந்து தொடங்கலாம்?

பீலிக்கரை எழுதியது:

வணக்கம். ஹப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள் நான். அம்மா இன்றைக்கும் கொழுந்து எடுக்கிறார். அப்பா கான் (வாய்க்கால்) வெட்டியவர். முழங்கால் விட்டுப்போனதால் இரண்டு வருடமாக வீட்டோடு இருக்கிறார். பேராதனையில் புவிச்சரிதவியல் படித்துவிட்டு இப்போது அமெரிக்காவில் மேற்படிப்பில் இருக்கிறேன். லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன், செப்டெம்பரில் திரும்ப வேண்டும்.

அதற்குள் ஒரு காரியம் செய்துவிட வேண்டும் என்று இருக்கிறேன். எங்கள் தோட்டத்திலும் பக்கத்து இரண்டு தோட்டங்களிலும் தரம் எட்டு முதல் பத்து வரை படிக்கிற பிள்ளைகள் இருபது பேரைச் சேர்த்து, ஆகஸ்ட் விடுமுறையில் மூன்று நாள் முகாம். கல், மண், தண்ணீர், அவ்வளவுதான் பாடம். பரீட்சை கிடையாது, காசு வாங்கப்போவதும் இல்லை.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். போன வருடக் கோடையில், வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையில் ஐந்து நாள் புவிச்சரிதவியல் முகாம் ஒன்றுக்குப் போனேன். வெள்ளையர் அல்லாதவர்களுக்கென்றே வைத்தது. கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், அந்த மண்ணின் பழங்குடியினர், நம்மைப் போன்ற ஆசியர் எல்லோரும் இருந்தோம். இதற்கு ஏன் தனியாக ஒரு முகாம் என்று எனக்கும் முதலில் தோன்றியது. அந்த நாட்டில் இந்தத் துறையின் நிலைமை அப்படி. 2018இல் நேச்சர் ஜியோசயன்ஸ் இதழில் வந்த ஒரு கட்டுரையின் தலைப்பே, பன்முகத்தன்மையில் நாற்பது வருடமாக முன்னேற்றம் இல்லை என்று சொல்லும். கல் படிக்க வேண்டுமென்றால் மலையேற வேண்டும், கூடாரத்தில் படுக்க வேண்டும், விலையான சப்பாத்து வேண்டும். சின்ன வயதிலேயே பெற்றோரோடு அப்படிப் போய்ப் பழகியவர்களுக்கு அதில் ஒன்றுமில்லை. பழகாதவர்கள் முதல் பயணத்திலேயே, இது நமக்கு உரியதில்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இந்த முகாமில் சப்பாத்து, மழைக்கோட், படுக்கைப்பை எல்லாம் இரவல் தந்தார்கள். கூடாரம் அடிக்கத் தெரியாது என்று சொல்ல யாருக்கும் கூச்சம் வரவில்லை, பாதிப் பேருக்குத் தெரியாது. சக்கர நாற்காலியில் வந்த ஒருவர் இருந்தார். அவர் பார்க்க முடியாத இடம் எதையும் அன்றைய நாளின் முக்கியமான இடமாக வைக்கவில்லை. அதை நான் இரண்டாம் நாள்தான் கவனித்தேன்.

முதல் நாள் இரவுச் சாப்பாடு முடிந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நடத்தியவர் ஒரு கேள்வி கேட்டார். உங்கள் குடும்பத்தில் மண்ணோடு வேலை செய்தவர் யார்? ஒருத்தியின் தாத்தா நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர். ஒருவரின் அம்மா யக்கிமாப் பள்ளத்தாக்கில் ஆப்பிள் பறிக்கிறவர். என் முறை வந்தது. அப்பா கான் வெட்டுகிறவர் என்றேன். ஒரு வகுப்பில், நாலு பேர் முன்னால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. கான் என்றால் என்ன என்று கேட்டார்கள். தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்காக வெட்டுகிற வாய்க்கால், மழைத் தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு நேரே கீழே பாயாமல் ஓரமாக நடந்து போக வைப்பது என்றேன். அந்தச் சாய்வை உன் அப்பா எதை வைத்து அளப்பார் என்று அவர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நாலு வருடம் சாய்வுமானி பிடித்துப் பாறை அளந்தவள், அப்பாவிடம் ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை.

மூன்றாம் நாள்தான் என்னை உலுக்கிய நாள். எரிமலை என்றால் நெருப்பு, குழம்பு என்று நினைத்துப் போனேன். 1980 மே 18 காலை 8.32க்கு நிலம் அதிர்ந்தது, அளவு 5.1. அதற்கு முன் பல வாரமாக உள்ளே ஏறிய பாறைக்குழம்பு மலையின் வடக்குப் பக்கத்தை ஒரு நாளைக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அந்த அதிர்வில் வடக்குப் பக்கம் முழுவதும் சரிந்தது. பதிவுகளில் உள்ள நிலச்சரிவுகளில் இதுதான் ஆகப் பெரியது. மூடி திறந்த மாதிரி, அதற்குப் பிறகுதான் வெடிப்பு. மலையின் உயரம் 400 மீட்டர் குறைந்துபோனது. 57 பேர் இறந்தார்கள், அவர்களில் ஒருவர் மலையைக் கண்காணித்துக்கொண்டிருந்த டேவிட் ஜோன்ஸ்டன் என்ற இளம் விஞ்ஞானி. சரிந்து வந்த மலைத்துண்டுகள் பள்ளத்தாக்கில் மேடு மேடாக இன்றும் கிடக்கின்றன. அந்த மேடுகளுக்கு நடுவே நடக்கும்போது எனக்கு மீரியபெத்தைதான் ஞாபகம் வந்தது. கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டம், 2014 ஒக்டோபர் 29இல் மண்சரிவு தொழிலாளர் குடியிருந்த லய வீடுகளை மூடிப்போட்ட இடம். அப்போது நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். இந்தத் துறைக்கு நான் வந்ததே அந்த நாளால்தான்.

அந்த மலைக்கு கௌலிட்ஸ் பழங்குடியினர் வைத்த பெயர் லாவெட்லட்லா, புகைப்பவன் என்று அர்த்தம். 1792இல் வன்கூவர் என்ற கப்பல் தலைவர் வந்து தன் நாட்டு ராஜதந்திரி ஒருவரின் பட்டத்தை அதற்கு வைத்தார். எங்களோடு முகாமில் இருந்த ஒரு பெண்பிள்ளை, கௌலிட்ஸ் இனத்தவள், இதைச் சொல்லும்போது நான் நம் மலைகளை நினைத்தேன். தேயிலை வியாபாரி லிப்டன் உட்கார்ந்த கல்லுக்குப் பெயர் இருக்கிறது. அதற்குப் படி வெட்டினவனுக்கு இல்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். இங்கே எரிமலை கிடையாது. பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது? வரப்போகிறவர்களில் ஒரு பிள்ளை ஊன்றுகோல் ஊன்றி நடக்கிறவள். அவள் பாதியில் வான் வண்டியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி நடத்த எனக்கு விருப்பமில்லை. பெண்பிள்ளைகளைப் பெற்றோர் விடுவார்களா? மண்சரிவைப் பற்றிப் பேச வேண்டுமா, பேசினால் எப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கல்லுளி எழுதியது:

மகள், நல்ல காரியம். நான் நிலத்தைத் துளைத்து மாதிரி எடுக்கிற குழுவில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவன், இப்போது பண்டாரவளையில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எரிமலை இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் விடமாட்டார்கள். கன்னியாவில் சுடுதண்ணீர்க் கிணறு இருக்கிறதே, மஹபெலஸ்ஸவில் இருக்கிறதே, அது என்ன என்பார்கள். மழைத் தண்ணீர் பாறை வெடிப்பு வழியே வெகு ஆழத்துக்கு இறங்கிச் சூடாகி மேலே வருகிறது. கீழே குழம்பு ஒன்றும் இல்லை. அதை விளங்கப்படுத்தினாலே ஒரு காலைநேரம் போய்விடும்.

அப்புறம் கல்லுக்கு வாருங்கள். நீங்கள் அங்கே பார்த்தது உங்களைவிடக் கொஞ்சம் மூத்த கல். 2004 முதல் 2008 வரை அந்த எரிமலையின் வாய்க்குள் புதிதாக ஒரு பாறைக் குவிமாடமே வளர்ந்தது. அந்தக் கல் உங்கள் முகாமுக்கு வரப்போகிற பிள்ளைகளைவிடச் சில வருடம்தான் மூத்தது. நம் மலைநாட்டுக் கல்லைப் பாருங்கள். ஐம்பத்தைந்து கோடி வருடத்துக்கும் முன்னால், பூமிக்கடியில் இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், 800 பாகைச் சூட்டில் வெந்து மாறிய கல் இது. மேலே இருந்ததெல்லாம் தேய்ந்து போனதால்தான் இன்று நம் காலடியில் கிடக்கிறது. எரிமலை காட்டுவது மேல்வீட்டை. நாம் நிற்பது அடுப்படியில்.

சார்னோக்கைட் என்ற கல்லைக் கையில் கொடுங்கள். கருத்து, எண்ணெய் தடவிய மாதிரி பச்சை ஓடும். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? கல்கத்தாவில் ஜோப் சார்னொக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறைக்கல். அந்தக் கல் போனது சென்னைப் பரங்கிமலைப் பக்கமிருந்து. தோமஸ் ஹாலண்ட் என்பவர் ஆராய்ந்து அந்தப் பெயரைச் சூட்டினார். பரங்கிமலையில் இருக்கிற கல்தான் நம் தோட்டத்திலும் இருக்கிறது. நம் பாட்டன்மார் மண்டபம் முகாமில் கிடந்து, கப்பலேறித் தலைமன்னாருக்கு வந்து இந்த மலைக்கு ஏறினார்கள். அவர்களுக்கு முன்பே இரண்டு கரையும் ஒரே நிலமாகக் கோண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டத்தில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தன, பக்கத்தில் அந்தாட்டிக்காவும் மடகஸ்காரும். இதை நான் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொன்ன ஒவ்வொரு தடவையும் கல்லைத் திருப்பித் தராமல் பையில் போட்டுக்கொள்கிறார்கள். இன்னொரு கல் கொண்டலைட். அது ஒடிசாவின் கோண்டு பழங்குடி மக்களின் பெயர். நீங்கள் பெயரைப் பற்றி எழுதியதால் இதைச் சொல்கிறேன்.

ஊன்றுகோல் பிள்ளைக்காகக் கவலைப்பட வேண்டாம். உங்கள் இடத்தில் தெருவே நல்ல வகுப்பறை. ஹப்புத்தளையிலிருந்து பெரகலை இறங்கி, அங்கிருந்து கொஸ்லந்தை வழியாக வெல்லவாய போகிற தெருவில் வையுங்கள். வெட்டுமுகங்களில் கல் எப்படி மண்ணாகிறது என்பது படிப்படியாகத் தெரியும். உள்ளே உருண்டைக் கல், அதைச் சுற்றி வெங்காயத் தோல் மாதிரி உரிகிற அடுக்கு, அதற்கு மேல் கல்லின் கோடுகள் இன்னும் அழியாத பொடிக்கல், அதற்கு மேல் செம்மண். தியலும அருவி 220 மீட்டர் விழுவதைத் தெருவில் நின்றே பார்க்கலாம். ஹோர்ட்டன் சமவெளிக்குக் கூட்டிப்போக ஆசை வரும், வேண்டாம். தேசியப் பூங்காவில் ஒரு கல்லைக்கூட எடுக்க முடியாது, செலவும் அதிகம். ஹப்புத்தளை டவுனில் தெற்குப் பக்கம் நின்று பாருங்கள். வானம் தெளிந்தால் கடல் வரைக்கும் தெரியும். மலைநாடு அங்கே ஒரே அடியாக முடிந்து கீழ்நாடு தொடங்குகிறது. அடம்ஸ் என்ற கனடா நாட்டவர் 1929இல் இலங்கையை மூன்று படியாகப் பிரித்தார், ஒவ்வொரு படியும் தேய்ந்து சமமான பழைய நிலம் என்றார். பிறகு இங்கே அரசாங்க வேலையில் இருந்த வாடியா என்ற இந்தியர், இல்லை, பிளவுகள் வழியே நிலம் மேலே தள்ளப்பட்டது என்றார். விடையைச் சொல்லாதீர்கள். பிள்ளைகளை இரண்டு கட்சியாகப் பிரித்து வாதாட விடுங்கள்.

வெட்டுமுகத்துக்கு நேர் அடியில் யாரையும் நிறுத்தாதீர்கள். மழை பெய்த அடுத்த நாள் அந்தப் பக்கமே போகக் கூடாது. சுத்தியல் பிடிக்கிற பிள்ளைக்குக் கண்ணாடி கட்டாயம்.

இன்னொன்று. ஒரு சுளகும் ஒரு காந்தமும் போதும், அரைநாள் ஓடும். கானில் தங்கின மணலைச் சுளகில் போட்டுத் தண்ணீரில் அலசச் சொல்லுங்கள். பளிங்கு (குவார்ட்ஸ்) மணல் பாரம் குறைவு, வெளியே போய்விடும். கார்னெட்டும் கறுப்பு மணலும் தங்கும். சிவப்பாகக் கடுகு மாதிரி மின்னுவது கார்னெட். காந்தத்தைப் பொலித்தீனில் சுற்றிக் கறுப்பு மணலில் ஓட்டினால் ஒரு பங்கு மீசை மாதிரி நின்று ஒட்டும். இரத்தினபுரியில் கல் எடுப்பவர்கள் கூடையில் செய்கிற வேலையும் இதேதான்.

கலாயோகி ஆனந்த குமாரசுவாமியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கலை, சிற்பம் என்றுதான் அவரை நமக்குத் தெரியும். அவர் முதலில் புவிச்சரிதவியலாளர். இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்கு முதல் பணிப்பாளர் அவர்தான். தோரியனைட் என்ற கனிப்பொருள் 1904இல் அவரால் வெளிச்சத்துக்கு வந்தது, பலாங்கொடைப் பக்கத்துக் கல். தமிழ்ப் பெயருள்ள ஒருவர் நூற்றிருபது வருடத்துக்கு முன்பே இந்த மலைகளில் சுத்தியலோடு நடந்திருக்கிறார் என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.


மடுவத்து அக்கா எழுதியது:

தங்கச்சி, நான் பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) வேலை செய்கிறேன், பதினாறு வருடம். கல்லைப் பற்றி ஐயா சொல்லிவிட்டார். நான் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன்.

கூடாரம் வேண்டாம். ஒரு தாயும் விடமாட்டாள், அதில் பிழை சொல்ல முடியாது. பாடசாலைக் கட்டடத்தில் படுக்க வையுங்கள், அதிபரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். முடிந்தால் முதல் நாள் பின்னேரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கடைசி இரவு மட்டும் தங்க வையுங்கள். அந்த இரவுக்கு இரண்டு அம்மாமாரையும் ஒரு பாட்டியையும் கூடவே கூப்பிடுங்கள். பாட்டி வந்தால் மற்ற வீடுகளும் ஒத்துக்கொள்ளும்.

பெற்றோர் கூட்டத்தை வேலை நாளில் வைக்காதீர்கள். உங்கள் கூட்டத்துக்கு வந்து அரைப் பேர் (அரைநாள் சம்பளம்) போனால் அந்த மாதக் கணக்கில் இடிக்கும். ஞாயிறு காலை, கோயில் பக்கம் வையுங்கள். கடிதம் கொடுத்துவிட்டு இருக்காதீர்கள். லயம் லயமாகப் போய்க் கதவில் நின்று பேசுங்கள், உங்கள் அம்மாவையும் கூட்டிப்போங்கள். கொழுந்து எடுக்கிறவரின் மகள் வந்து கேட்பது வேறு, வெளியிலிருந்து நிறுவனக்காரர் வந்து கேட்பது வேறு.

பெண்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மாதவிலக்கு வருகிற வயது. போகிற ஒவ்வொரு இடத்திலும் கக்கூஸ் எங்கே, அங்கே தண்ணீர் இருக்கிறதா என்று முன்னாடியே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். தெருவோரத்துக் கடைக்காரர் ஒருவரிடம் சொல்லிவைத்தால் போதும். தேவையான சாமான்களை ஒரு பையில் போட்டு ஒரு அக்காவின் கையில் கொடுங்கள், பொதுவில் அறிவிக்க வேண்டாம். பிள்ளைகள் வர மாட்டேன் என்பதற்குப் பாதிக் காரணம் இதுதான், வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள்.

சப்பாத்து இரவல் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை இங்கேயும் செய்யுங்கள். பாடசாலைச் சப்பாத்து ஒரு சோடிதான் இருக்கும். சேறானால் தாய் ஏசுவாள் என்று பிள்ளை மண்ணில் கால் வைக்காது. சாப்பாட்டை வெளியில் சொல்லாதீர்கள். ரொட்டியும் கட்டச் சம்பலும் நாங்கள் நாலு பேர் சேர்ந்து செய்து தருகிறோம்.


மஸ்கெலியா மழை எழுதியது:

எங்கள் பக்கம் எப்போது அக்கா? எங்கள் பாடசாலையிலிருந்து பன்னிரண்டு பிள்ளைகள் இப்போதே தயார். ஆகஸ்டிலேயே இரண்டாவது முகாமாக மஸ்கெலியாவில் வையுங்கள்.


கல்லுளி எழுதியது:

தம்பி, ஆகஸ்டில் உங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். ஹப்புத்தளை இருக்கிற ஊவாப் பக்கத்துக்கு அந்தக் காற்று மலையைத் தாண்டிக் காய்ந்துதான் வரும், அதனால்தான் அங்கே அந்த மாதங்களில் தேயிலைக்கு அந்த வாசம். ஒரே மலை, இரண்டு பக்கம் இரண்டு காலம். உங்களுக்குப் பெப்ரவரி, மார்ச் நல்லது. அதற்கு நானே வருகிறேன்.


மேட்டு லயம் எழுதியது:

அக்கா, நான் கொஸ்லந்தைப் பக்கம். 2014இல் எனக்குப் பதினொரு வயது. காலை ஏழு மணிக்குப் பாடசாலைக்குப் புறப்பட்டுப் போனேன், அதனால் இருக்கிறேன். என் பெரியம்மா வீட்டில் மூன்று பேர் இல்லை.

நீங்கள் பிள்ளைகளை மீரியபெத்தைக்குக் கூட்டிப்போவீர்களோ என்று பயந்துகொண்டே படித்தேன். பார்க்கிற இடமாக அதை ஆக்கிவிடாதீர்கள். பஸ்ஸில் வந்து இறங்கிப் படம் எடுத்துப் போனவர்களை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம். வருகிற பிள்ளைகளிலும் சொந்தத்தை இழந்தவர்கள் இருப்பார்கள், வெளியில் சொல்லமாட்டார்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்த பிறகு மழை இரைந்தால் தூங்காத பிள்ளைகள் எங்கள் லயத்திலேயே இருக்கிறார்கள்.

ஆனால் பேசாமலும் இருக்காதீர்கள். ஏன் சரிந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. விதி என்றார்கள், சாமி கோபம் என்றார்கள். நானாகப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். மேலேயிருந்து பழைய காலத்தில் சரிந்து வந்து பாறை மேல் குவிந்த மண், அதற்குள் தண்ணீர் நிறைந்தால் பாரம் கூடும், மண்மணிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கிற பிடி தளரும், பிறகு ஒரு நிமிடம் போதும் என்று. அதைப் படித்த நாள் அழுதேன். கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

அதனால் அறிகுறிகளைச் சொல்லிக்கொடுங்கள். பீலியில் (ஊற்றுத் தண்ணீர் பிடிக்கிற இடத்தில்) தண்ணீர் திடீரென்று கலங்கினால், நின்றுபோனால், இல்லாத இடத்தில் புது ஊற்று வந்தால், நிலத்திலோ சுவரிலோ வெடிப்பு விழுந்தால், கதவு இறுகினால், மரமும் லைட் கம்பமும் சாய்ந்தால், அப்போதே சொல்ல வேண்டும், அப்போதே வெளியேற வேண்டும். பீலிக்கு முதலில் போகிறவர்கள் பெண்களும் பிள்ளைகளும்தான். உங்கள் பெயரைப் பார்த்ததும் எனக்கு இதுதான் தோன்றியது.

மழை அளக்கவும் கற்றுக்கொடுங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேறு. ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலும் வெளியேற வேண்டும். இது எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டியிருக்கிறது. நீங்கள் விரும்பினால் ஒரு மணி நேரம் நான் வந்து பேசுகிறேன். இடத்தைக் காட்ட வேண்டாம், நான் சொன்னால் போதும்.


பீலிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மேட்டு லயம் தம்பி, உங்கள் மறுமொழியைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க எதுவும் எழுத முடியவில்லை. நீங்கள் சொன்னபடியே. மீரியபெத்தைக்குப் போகமாட்டோம். இரண்டாம் நாள் பின்னேரம் நீங்கள் வாருங்கள். எங்கே உட்கார்வது, எவ்வளவு பேசுவது, எப்போது நிறுத்துவது எல்லாம் உங்கள் விருப்பம். எழுந்து வெளியே போக நினைக்கிற பிள்ளை போகலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், மடுவத்து அக்கா வெளியே இருப்பார்.

மழைமானி செய்து பார்த்தேன். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலின் தலையை வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் புனல் ஆகிவிடுகிறது. போத்தலின் அடி மேடும் பள்ளமுமாக இருப்பதால், பக்கம் நேராகத் தொடங்குகிற இடம் வரை முதலில் தண்ணீர் ஊற்றி அங்கே ஒரு கோடு போட வேண்டும். அதுதான் பூச்சியம். அதற்கு மேல் அடிமட்டத்தை ஒட்டினால் சரி. 75இல் மஞ்சள், 100இல் செம்மஞ்சள், 150இல் சிவப்பு நாடா. ஒவ்வொரு பிள்ளையும் ஒன்று செய்து வீட்டுக்குக் கொண்டுபோகும். எங்கள் வாசலில் ஒன்று வைத்திருக்கிறேன், அம்மா வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பார்க்கிறார்.

ஐயா, அடம்ஸ் வாடியா வாதத்தை ஊன்றுகோலோடு வருகிற பிள்ளையிடம் சொன்னேன். ஒரு கட்சிக்குத் தலைமை தாங்குவதாக இப்போதே சொல்லிவிட்டாள், வாடியா பக்கமாம். தெருவோர இடங்கள் மூன்றையும் அவளோடு நேற்று த்ரீவீலில் போய்ப் பார்த்தோம். முதல் வெட்டுமுகத்தில் அவள் இறங்கி நிற்க இடம் போதாது, எதிர்ப்பக்கத்தில் நிறுத்தி அங்கிருந்தே பார்க்கலாம் என்று அவளே சொன்னாள். முழு உயரமும் தெரிவது அங்கிருந்துதான், எல்லோரையும் அங்கேயே நிறுத்தப்போகிறேன்.

அப்புறம், அங்கே என்னிடம் கேட்ட கேள்வியை, கானின் சாய்வை எதை வைத்து அளப்பது என்பதை, அப்பாவிடம் கேட்டேன்.

ஒன்றும் சொல்லாமல் கம்பை எடுத்துக்கொண்டு லயத்துக்கு மேல் உள்ள மலைக்கு நடந்தார். அவர் எப்போதோ வெட்டிய கான் இன்னும் இருக்கிறது. அன்று காலை மழை பெய்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு முற்றின தேயிலை இலையைக் கிள்ளித் தண்ணீரில் போட்டார். போட்டுவிட்டுக் கானின் ஓரமாக நடந்தார், கோயிலைச் சுற்றுகிற மாதிரி மெதுவாக. இலை அவர் பக்கத்திலேயே வந்தது. இலை என்னை முந்தினால் தண்ணீர் மண்ணை அறுக்கும், பிந்தினால் மண் தங்கிக் கான் அடைபடும், கூடவே நடந்து வர வேண்டும் என்றார். புதுக் கான் என்றால் வாளியில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றிப் பார்ப்பாராம், சரி வரும்வரை மண்வெட்டியால் சீவிக்கொண்டே போவாராம். இதை யார் சொல்லிக்கொடுத்தது என்றேன். அவருடைய அப்பா.

என் கருவியை வைத்து அளந்தேன். நூறு அடிக்கு ஏறக்குறைய ஓர் அடி இறக்கம், மூன்று இடத்தில் அளந்தும் பெரிய வித்தியாசம் இல்லை. கருவியில் என்ன காட்டுகிறது என்று கேட்டார், காட்டினேன். கண்ணாடி இல்லாமல் அவருக்கு இலக்கம் தெரியவில்லை, வாசித்துச் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு, கானில் விழுந்து கிடந்த ஒரு கல்லைக் கம்பால் ஓரத்துக்குத் தள்ளினார்.

முதல் நாள் காலை முதல் வகுப்பு அதுதான், எடுக்கப்போவது அப்பா. நாற்காலி ஒன்றை மேலே கொண்டுபோய் வைத்துவிடுவேன், அவருக்கும் அந்தப் பிள்ளைக்கும். பிள்ளைகளிடம் முதலில் கேட்கப்போகிற கேள்வியும் அங்கே முதல் நாள் இரவு கேட்டதேதான்: உங்கள் குடும்பத்தில் மண்ணோடு வேலை செய்தவர் யார்?

பெற்றோர் கூட்டம் வருகிற ஞாயிறு காலை ஒன்பதுக்கு, கோயில் பக்கத்தில். அதற்கு முன் மூன்று நாளும் அம்மாவும் நானும் லயம் லயமாக வருகிறோம். பழைய சப்பாத்து வீட்டில் இருப்பவர்கள் மூன்றாம் இலக்கத்திலிருந்து ஏழாம் இலக்கம் வரை எதுவானாலும் தாருங்கள். காந்தம் பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து ஆறு கழற்றிவிட்டேன். சுளகுதான் குறைகிறது, இருபது பிள்ளைக்கு எங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலுமாக மூன்றுதான் இருக்கின்றன. யாரிடமாவது இருந்தால் ஞாயிறு வரும்போது கையோடு கொண்டு வாருங்கள்.